முகவரிக்கு ஒரு பரீட்சை

ஊரை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறிய நமக்கு முகவரியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மும்பையின் மாதுங்காவிலும் தில்லியின் கரோல்பாக்கிலும் வாழ்ந்த நம் முன்னோர், ஊர்க்கடிதத்தை எதிர்நோக்கித் தபால்காரர் வரும் நேரத்தை மனத்தில் வைத்திருந்தனர். உறையின்மேல் பெயர் தமிழில் இருக்கும். தெரு ஆங்கிலத்தில் இருக்கும். கட்டடத்தின் பெயர் எம்மொழி என்று தெரியாதபடி சிதைந்திருக்கும். ஆயினும் தபால்காரர் நாலு பேரிடம் விசாரித்து, ஆளைக் கண்டு, கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஒரே பெயருடைய ஊர்கள் பல இருந்தமையாலும், முகவரிகள் பல மொழிகளில் எழுதப்பட்டமையாலும் விளைந்த குழப்பத்தைத் தீர்க்க, 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்கப் பின்கோடு எண் நடைமுறைக்கு வந்தது. அதனை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். எண் உதவியாயிற்று, ஆனால் கடிதத்தைச் சேர்ப்பித்தது மனிதனின் பொறுமையே.

இன்று நமக்கு வேறொரு முகவரியும் உண்டு. அது மின்னஞ்சல் முகவரி. ரயில் பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு, வேலைக்கு விண்ணப்பம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகிய எதற்கும் அதனைக் கேட்கிறார்கள். நாம் முகவரியைத் தட்டச்சு செய்தவுடன், ஒரு சிறு நிரல் அதனைப் படித்துப் பார்த்து, "செல்லும்" அல்லது "செல்லாது" என்று தீர்ப்பளிக்கிறது. செல்லாது என்று அது சொல்லிவிட்டால் விசாரிக்க நாலு பேர் இல்லை, வாசல் அடைபட்டுவிடுகிறது. அந்த வாயிற்காவலனுக்கு விதி வகுத்தவர் யார்? அவன் சரியாகத்தான் காவல் செய்கிறானா என்று சோதித்தவர் யார்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை தேடும்போது, அரை நூற்றாண்டு வரலாறு ஒன்று நம் கண்முன் விரிகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பி.பி.என். என்னும் நிறுவனம் இருந்தது. அங்குப் பணியாற்றிய ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் 1971-ஆம் ஆண்டில், அர்ப்பாநெட் என்னும் வலையின் வழியாக ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தார். இரண்டு பொறிகளும் ஒரே அறையில் அருகருகே நின்றவையே. எனினும் செய்தி வலையின் வழியாகவே சென்றது. ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவருக்கு ஒரு குறி தேவைப்பட்டது. மனிதப் பெயர் எதிலும் வாராத குறியாக அது இருத்தல் வேண்டும். தம் முன் இருந்த தட்டச்சுப் பலகையில் வணிகக் கணக்கிற்காக வைத்திருந்த @ என்னும் குறியை அவர் தேர்ந்தெடுத்தார். "இன்ன விலை வீதம்" என்று பற்றுச்சீட்டில் எழுதுவதற்குப் பயன்பட்ட அக்குறியை, நம் நாட்டில் இன்றும் "அட் த ரேட்" என்றே பலர் படிக்கிறார்கள். கடைக்காரரின் கணக்கேட்டு வழக்கு மின்னஞ்சலிலும் தொடர்வது ஒரு சுவையான செய்தி.

முதல் இடையூறும் அக்குறியிலிருந்தே தோன்றியது. டாம்லின்சனின் பொறியில் @ தீங்கற்ற குறி. ஆனால் மல்டிக்ஸ் என்னும் வேறொரு கணிப்பொறி அமைப்பில், அக்குறியைத் தட்டினால் அதுவரை எழுதிய வரி முழுதும் அழிந்துவிடும்! அவ்வமைப்பைப் பயன்படுத்தியோர் தம் நண்பர்க்கு முகவரி எழுதப் புகுந்தால், முகவரியே மறைந்துபோகும். ஆகவே 1977 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 733 என்னும் விதியேடு, அக்குறிக்குப் பதிலாக "அட்" என்னும் சொல்லையே எழுதலாம் என்று இடங்கொடுத்தது. ஓரிடத்தில் இயல்பானது மற்றோரிடத்தில் ஆகாததாகிறது என்னும் பாடம் மின்னஞ்சலின் குழந்தைப் பருவத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

1982 ஆகஸ்டில் டேவிட் குரோக்கர் தொகுத்த ஆர்.எஃப்.சி. 822 வெளிவந்தது. முகவரிக்கு முறையான இலக்கணம் என்று நெடுங்காலம் போற்றப்பட்ட ஏடு இதுவே. இதன் வழி வந்த ஏடுகள் 2001-லும் 2008-லும் வெளியாயின. இவ்விலக்கணத்தின் தாராளம் வியப்பூட்டுவது. @ குறிக்கு முன் நிற்கும் ஆட்பெயர்ப் பகுதியில் எழுத்தும் எண்ணும் மட்டுமல்ல, கூட்டல் குறியும் வரலாம். மேற்கோள் குறியொற்றும் வரலாம். சாய்கோடும் வியப்புக் குறியும்கூட வரலாம். புள்ளி வரலாம், ஆயின் முதலிலும் இறுதியிலும் வாராது, இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்தும் வாரா. இரட்டை மேற்கோளுக்குள் அடக்கினால் இடைவெளியும் செல்லும். பிறைக்கோட்டுக்குள் குறிப்பு எழுதலாம்; அக்குறிப்புக்குள் மற்றொரு பிறைக்கோடும் அமையலாம். இடையே 1983-ஆம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த பெயர்முறை, @ குறிக்குப் பின் நிற்கும் களப்பெயர்ப் பகுதிக்கு ஒழுங்கு தந்தது. காம், எஜு, ஆர்க் முதலிய ஈறுகளும் நாடுகளின் ஈரெழுத்துக் குறிகளும் அதன் பயனாக வந்தவையே.

இந்த இலக்கணத்தை அறிந்தவர் சிலர்; பயன்படுத்தியவர் பலர். நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி வலை, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட சில நிறுவனங்களை மட்டுமே இணைத்தது. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. உலகெங்கும் அக்காலத்தில் இணையப் படிவங்கள் பெருகின. ஒவ்வொரு படிவத்திற்கும் ஒரு வாயிற்காவலன் தேவைப்பட்டான்.

அக்காவலனை ஆக்குவதற்கு நிரலாளர் கையாண்ட கருவி ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பது. இதனை ஒரு வாய்பாடு என்று கொள்ளலாம். செய்யுளின் சீரை, இது தேமா, இது புளிமா என்று வாய்பாட்டால் அளப்பது போல, எழுத்துத் தொடர் ஒன்று குறித்த அமைப்பில் இருக்கிறதா என்று இது அளக்கிறது. இதன் கணிதத்தை ஸ்டீபன் கிளீனி 1951-இல் வகுத்தார். கென் தாம்சன் 1968-இல் அதனைக் கணிப்பொறியின் தேடுகருவியாக ஆக்கிக் காட்டினார். மிகச் சிறந்த கருவிதான். ஆனால் பிறைக்கோட்டுக்குள் பிறைக்கோடு எத்தனை அடுக்கு வந்தாலும் எண்ணிப் பார்ப்பது அதன் இயல்பான ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. மின்னஞ்சல் இலக்கணம் முழுவதையும் ஒரே வாய்பாட்டில் அடக்க முயன்றவர்களின் வாய்பாடுகள் பல ஆயிரம் எழுத்து நீளத்திற்கு வளர்ந்தன. அன்றாட வேலை செய்யும் நிரலாளருக்கு அவ்வளவு பொறுமை ஏது? தமக்குத் தெரிந்த நாலு முகவரிகளை நினைத்துக்கொண்டு, ஒரு வரியில் ஒரு வாய்பாடு எழுதினார், அவ்வளவே. பின்னர் அதைப் பார்த்துப் பிறரும் எழுதிக்கொண்டனர்.

விளைவு என்ன? கூட்டல் குறி உடைய முகவரிகள் தள்ளப்பட்டன. அயர்லாந்துக்காரரின் ஓ'பிரையன் போன்ற பெயர்கள் மேற்கோள் குறியொற்றின் பொருட்டு மறுக்கப்பட்டன. களப்பெயரின் ஈறு இரண்டு அல்லது மூன்று எழுத்தே என்று பல வாய்பாடுகள் கொண்டிருந்தன. 2000 நவம்பரில் ஐகேன் என்னும் இணையப் பெயர் அமைப்பு ஏழு புதிய ஈறுகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் நான்கு எழுத்துடைய "இன்ஃபோ" என்பதும் ஆறு எழுத்துடைய "மியூசியம்" என்பதும் இருந்தன. விதிப்படி அமைந்து, கடிதமும் பெற்றுவந்த முகவரிகளைப் படிவங்கள் செல்லாதவை என்று கூறின. உலகம் மாறியதைக் காவலனுக்கு எவரும் அறிவிக்கவில்லை.

இவ்விடத்தில் சோதனையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கிளென்ஃபோர்டு மையர்ஸ் 1979-இல் எழுதிய மென்பொருள் சோதனை நூல், ஓர் அடிப்படை உண்மையை வற்புறுத்தியது. நிரல் சரியாக இருக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்வது சோதனை அன்று. பிழையைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்வதே சோதனை. முதல் நோக்கத்தோடு சோதிப்பவர், தம்மை அறியாமலே எளிய வினாக்களைத் தேர்ந்தெடுத்துவிடுவார் என்று அவர் எச்சரித்தார். பின்னர் கெண்ட் பெக் என்பவர் ஸ்மால்டாக் மொழிக்கு ஒரு சோதனைக் கருவி அமைத்தார். 1997-இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குச் சென்ற விமானத்தில், எரிக் காமாவும் அவரும் சேர்ந்து ஜாவா மொழிக்கு ஜேயூனிட் என்னும் கருவியை ஆக்கினர். யூனிட் டெஸ்ட் எனப்படும் அலகுச் சோதனை உலகெங்கும் பரவியது அதன் பின்னரே. நம்மவருள் பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் இத்தொழில் புரிவோர் இதனை நாள்தோறும் கையாள்கின்றனர்.

அலகுச் சோதனை என்பது யாது? பெரிய நிரலின் ஒரு சிறு உறுப்பை மட்டும் தனியே எடுத்து, வினா ஒன்றைக் கொடுத்து, வர வேண்டிய விடையை முன்கூட்டியே எழுதி வைத்து, வந்த விடையோடு ஒப்பிடுவது. பொருந்தினால் பச்சை, பொருந்தாவிடில் சிவப்பு. நிரலில் ஒரு வரியைத் திருத்தினாலும் பட்டியல் முழுவதையும் மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். மின்னஞ்சல் முகவரிக் காவலுக்கு இம்முறை மிகவும் பொருந்துவது. ஒரு புறம் செல்லத்தக்க முகவரிகள், மறுபுறம் செல்லாதவை. இரண்டையும் அட்டவணையாக எழுதிவிட்டால் போதும் அன்றோ?

போதாது. வாய்பாட்டை எழுதிய கையே வினாத்தாளையும் எழுதுமானால், வாய்பாட்டில் இல்லாத அறிவு வினாத்தாளிலும் இராது. ஈறு மூன்றெழுத்தே என்று நம்பியவர் மூன்றெழுத்து ஈறுகளைக் கொண்டே சோதிப்பார். எல்லாம் பச்சையாகத் தெரியும். வெளியே நிற்பவர் மட்டும் உள்ளே வர இயலாது. இந்தக் குறை கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. 2004 பிப்ரவரியில் ஜான் கிளென்சின் என்னும் பேரறிஞர், பெயர்களையும் முகவரிகளையும் சரிபார்ப்போருக்கு வழிகாட்டியாக ஆர்.எஃப்.சி. 3696 என்னும் ஏட்டை வெளியிட்டார். ஆட்பெயர்ப் பகுதி 64 எண்மம், களப்பெயர் 255 எண்மம், இடையே ஒரு குறி. ஆக முகவரியின் பேரளவு 320 என்று அதில் கணக்கிட்டிருந்தார். கூட்டல் சரியே. ஆனால் அஞ்சலை எடுத்துச் செல்லும் விதியில் வேறோர் எல்லை இருந்தது. முகவரியைச் சுற்றும் இரண்டு கோணக் குறிகளையும் சேர்த்து 256 எண்மமே செல்லும். எனவே உண்மையான பேரளவு 254 என்று பிழைதிருத்தம் வெளியிட நேர்ந்தது. அதிலிருந்த விந்தையான எடுத்துக்காட்டு முகவரிகள் சிலவும் திருத்தப்பட்டன. இலக்கணம் வகுத்தவர் வரிசையில் நிற்பவருக்கே இந்நிலை ஏற்படுமாயின், 320 என்று நம்பிச் சோதனை எழுதியவரைக் குறைகூற என்ன இருக்கிறது? ஆயினும் நல்ல சோதனைக்கு இது ஒரு வழி காட்டுகிறது. எல்லையின் இருபுறமும் சோதிக்க வேண்டும். 64 செல்ல வேண்டும், 65 செல்லக்கூடாது. 254 செல்ல வேண்டும், 255 செல்லக்கூடாது.

இதற்கெல்லாம் பின்னர், இணையப் பக்கங்களின் மொழியை வகுத்தோர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தனர். 2014-இல் வெளியான எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பு, பழைய இலக்கணத்தை வேண்டுமென்றே ஓரிடத்தில் மீறுவதாக வெளிப்படையாக அறிவித்து, மின்னஞ்சலுக்கு ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தது. பிறைக்கோட்டுக் குறிப்புகள், மேற்கோளுக்குள் இடைவெளிகள் முதலிய அரிய வழக்குகளைக் கைவிட்டு, நடைமுறையில் உள்ளவற்றை அது ஏற்றது. அனுபவம் வாய்ந்த நிரலாளர் பலர் இன்னும் ஒரு படி சென்று, @ குறி இருக்கிறதா, இருபுறமும் ஏதேனும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அம்முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி மறுமொழி பெறுவதே முறை என்பர். எழுத்திலக்கணம் பிழையற்ற முகவரியிலும் ஆள் இல்லாதிருக்கலாம். ஓரெழுத்துத் தவறினால் அது அயலாரின் முகவரியாகவும் ஆகிவிடலாம். அதைக் கடிதம்தான் கண்டறியும், வாய்பாடு கண்டறியாது.

அந்த எளிய வாய்பாட்டிலும் ஒரு கதவு மூடியே இருந்தது. @ குறிக்கு முன்னர் ஆங்கில எழுத்தன்றி வேறெழுத்து வர அது இடந்தரவில்லை. இங்கேதான் இவ்வரலாறு நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

2007 அக்டோபரில் ஐகேன் அமைப்பு, இணையப் பெயர்முறையின் வேரில் ஆங்கிலமல்லாத ஈறுகளை முதன்முதலாக இட்டுப் பார்த்தது. பதினொரு சோதனை ஈறுகளுள் தமிழும் ஒன்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? "பரிட்சை" என்பதே! உதாரணம்.பரிட்சை என்பது அக்களத்தின் முழுப்பெயர். நெடில் வர வேண்டிய இடத்தில் குறில் வந்துவிட்டதே என்று தமிழாசிரியர் முகம் சுளிக்கலாம். ஆனால் இணையத்தின் வேரில் தமிழ் எழுத்துகள் கால் வைத்தது அச்சொல்லோடுதான். 2011-இல் நம் நாட்டிற்கு ஏழு இந்திய வரிவடிவங்களில் ஈறுகள் ஒப்புக்கொள்ளப்பட்டன, அவற்றுள்.இந்தியா என்னும் தமிழ் ஈறும் ஒன்று. ஆட்பெயர்ப் பகுதியிலும் எம்மொழி எழுத்தும் வரலாம் என்னும் விதிகள் 2012 பிப்ரவரியில் வெளியாயின. 2014 ஆகஸ்டில் ஜிமெயில் அத்தகைய முகவரிகளோடு கடிதப் போக்குவரத்து நடத்தத் தொடங்கியது.

விதி வந்தது, ஆனால் காவலர் பலர் பழைய காவலரே. புதிதாகத் தமிழுக்கு இடந்தந்தோர்கூட வியப்பான பிழைகளைச் செய்ய வழியுண்டு. "எழுத்துகள் மட்டும் வரலாம்" என்று வாய்பாடு எழுதுகிறார் ஒருவர். கணிப்பொறிக்கான யூனிகோடு முறையில் க, ம, ல என்பன எழுத்துகள். ஆனால் புள்ளியும் காலும் கொம்பும் எழுத்துகள் அல்ல, அவை சேர்க்கைக் குறிகள் என்று வேறு வகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே "மரகத" என்று கொடுத்துச் சோதித்தால் காவலன் வழிவிடுவான். "மரகதம்" என்றால் புள்ளியைக் கண்டு மறுத்துவிடுவான். "கமல" செல்லும், "கமலா" செல்லாது! முதற்சொல்லை மட்டும் பட்டியலில் எழுதியவர், தமிழைச் சோதித்துவிட்டோம் என்று நிறைவடைந்திருப்பார். உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணிப் பழகிய நம்மவர் ஒருவர் அருகிலிருந்தால் இப்பிழை நேராது.

நீளத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. 64 என்னும் எல்லை எழுத்தின் எண்ணிக்கையன்று, எண்மத்தின் எண்ணிக்கை. ஆங்கில எழுத்துக்கு ஓர் எண்மம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று எண்மம் வேண்டும். உ.வே. சாமிநாதையரின் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரை இடைவெளியின்றித் தமிழில் எழுதிப் பார்ப்போம். நம் கணக்கில் 12 எழுத்து. யூனிகோடு கணக்கில் 22 குறி. எண்மக் கணக்கில் 66. எல்லையைத் தாண்டி இரண்டு மிகுந்துவிட்டது! ஆங்கிலத்தில் அதே பெயர் 23 எழுத்துகளில் எளிதாக அடங்கிவிடும். எண்மத்தை எண்ணுகிறதா, எழுத்தை எண்ணுகிறதா என்று ஒரு நிரலைச் சோதிக்க, அப்பெரும்புலவரின் பெயரைவிடச் சிறந்த வினா கிடைப்பது அரிது. இங்கே மறுப்பதே சரியான விடை. ஆனால் "மீனாட்சிசுந்தரம்" என்று நிறுத்தினால் 48 எண்மம். அதனை மறுப்பது பிழை.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் படிவங்களின் மறுப்பை நன்கு அறிவோம். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைக்கும் நம் வழக்கத்தை அறியாத படிவங்கள், குடும்பப் பெயர் எங்கே என்று நம்மை வற்புறுத்திக் கேட்கின்றன. நாமும் எதையாவது எழுதி ஒப்பேற்றிவிடுகிறோம். அவ்வாறு ஒப்பேற்றுவதால் அப்பிழை எவர் கண்ணிலும் படாமலே போகிறது.

நிரலாளரிடையே ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிழை ஒன்று தெரியவந்தால், அதனைத் திருத்துவதற்கு முன்பே, அப்பிழையைக் காட்டும் வினாவைச் சோதனைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அதன் பின் அந்நிரலை எவர் திருத்தினாலும், எத்தனை ஆண்டு கழிந்தாலும், அவ்வினா அங்கேயே நின்று காவல் காக்கும். ஆகவே நம் முகவரியையோ பெயரையோ ஒரு படிவம் தள்ளிவிடுமானால், வேறு முகவரியைத் தேடி ஓடுவதற்கு முன், உரியவர்க்கு இரண்டு வரி எழுதிப் போடுவோம். இத்தொழிலில் உள்ள நம் இளைஞர்கள், அடுத்த முறை முகவரிச் சோதனை எழுத உட்காரும்போது, கூட்டல் குறியோடும் மியூசியத்தோடும் மரகதத்தையும் கமலாவையும் பட்டியலில் சேர்த்துவிடட்டும். ஒரு வரி எழுதும் வேலைதான் அது. அந்த வரியைக் கண்டு வழிவிடக் கற்றுக்கொள்ளும் காவலன், நம் பெயரையும் மொழியையும் அறியாத எத்தனையோ ஊர்களில் நமக்குக் கதவைத் திறந்து வைப்பான்.